பச்சை மையில் ஒரு 'மே'

போன வாரம் பேத்தி ஆங்கில இலக்கண வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செய்வினை வாக்கியங்களைச் செயப்பாட்டு வினையாக மாற்ற வேண்டுமாம். முதல் வாக்கியம் 'ஷட் த டோர்'. கதவைச் சாத்து. ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தை உருப்போட்ட என் வயதுக்காரர்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை வரும்: 'லெட் த டோர் பி ஷட்'. சொன்னேன். எழுதிக்கொண்டாள். பிறகு பென்சிலைக் கடித்தபடி, "தாத்தா, இப்படி நெஜமா யாராவது பேசுவாங்களா?" என்று கேட்டாள்.

பேசமாட்டார்கள். ஆனால் எழுதுவார்கள். 1973-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 2009-ல் கண்காணிப்பாளராக ஓய்வு பெறும்வரை, முப்பத்தாறு வருடம் நான் இந்த மாதிரி வாக்கியங்களுக்கு நடுவேதான் உட்கார்ந்திருந்தேன். யாரும் யாரையும் பார்த்து 'செய்' என்று சொல்லாத மொழி அது. 'ஐ ஆம் டைரக்டட் டு' என்று கடிதம் தொடங்கும். எழுத நான் பணிக்கப்பட்டுள்ளேன் என்று பொருள். பணித்தவர் யார் என்று கடிதத்தில் இருக்காது. 'தி நீட்ஃபுல் மே பி டன்' என்று முடியும். ஆவன செய்யப்படலாம். யாரால்? அதுவும் இருக்காது. வெள்ளைக்காரர் காலத்துக் கடிதங்கள் பழைய பதிவறையில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு மனிதனை வேலையை விட்டு அனுப்புகிற கடிதத்தின் கீழேகூட, 'தங்கள் மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன்' என்ற பொருளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

பேத்தியின் கேள்வியால் எனக்கு ஒரு பழைய கோப்பு நினைவுக்கு வந்தது. பணியில் சேர்ந்த மறுவருடம் என் மேஜைக்கு வந்த கோப்பு. அதன் ஓரத்தில் அதிகாரி பச்சை மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'டிராஃப்ட் மே பி புட் அப்'. அந்த 'மே' என்ற ஒரு சொல்லை நான் தப்பாகப் படித்தேன். அதைச் சொல்வதற்கு முன், ஆங்கிலக்காரன் உத்தரவு போடும் விதத்தைப் பற்றி நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு நேரம்தான் நிறைய இருக்கிறதே.

தமிழில் ஏவல் வினைக்குப் பஞ்சமே இல்லை. போ, போங்கள், போங்க, போப்பா, போம்மா, போடா என்று ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறோம். பேருந்தில் நடத்துனர் ஒரே மூச்சில் பள்ளிப் பையனிடம் "உள்ள போடா" என்றும், பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் "உள்ள போங்கய்யா" என்றும் சொல்லிவிட முடிகிறது. பலகையில் எழுத வேறு வடிவம்: வரிசையில் நிற்கவும். வினாத்தாளில் இன்னொன்று: விடை தருக. இந்தக் கடைசி வகைக்கு வியங்கோள் என்று பெயர் என்று எங்கள் தமிழையா சொல்லிக் கொடுத்தார். வாழ்த்தவும், வையவும், வேண்டவும், விதிக்கவும் அந்த ஒரே வடிவம்தான். வாழ்க என்பதும் அதுதான், ஒழிக என்பதும் அதுதான்.

ஆங்கிலத்தில் 'கோ' என்றால் 'கோ'தான். குழந்தைக்கும் அதே, மந்திரிக்கும் அதே, நாய்க்கும் அதே. எழுவாயே கிடையாது. ஆனால் அந்த மொழி எப்போதும் அப்படி இருக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ஒருவனை வரச்சொன்னால் ஒரு வடிவம், பலரை வரச்சொன்னால் இன்னொரு வடிவம். நம் 'வா', 'வாருங்கள்' போலவே. பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் அந்தப் பன்மை விகுதி தேய்ந்து மறைந்தது. அதன் பிறகும் 'நீ' என்பதற்கு 'தௌ', 'நீங்கள்' என்பதற்கு 'யூ' என்ற வித்தியாசம் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுக்காரர் பழக்கம் பரவி, பெரிய மனிதர் ஒருவராக இருந்தாலும் 'யூ' போட்டுப் பேசினார்கள்.

'தௌ' எவ்வளவு சுடும் என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. 1603 நவம்பரில் வின்செஸ்டர் நகரில் சர் வால்டர் ராலி மீது ராஜத்துரோக விசாரணை நடந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக். விசாரணை நடுவே கோக், உன்னை நான் 'தௌ' என்றே கூப்பிடுகிறேன், துரோகியே, என்ற பொருளில் எல்லோர் முன்னும் கத்தினார். ராலி கடலோடி, கவிஞர், எலிசபெத் ராணியின் பிரியத்துக்குரியவர். அவ்வளவு பெரிய மனிதரை 'டா' போட்டது போல. அடுத்த ஐம்பது வருடத்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் கூட்டத்தார், கடவுள் முன் எல்லோரும் ஒன்று என்று சொல்லி, நீதிபதியையும் பிரபுவையும் 'தௌ' என்றே கூப்பிட்டார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். ஆனால் சமத்துவம் அவர்கள் நினைத்ததற்கு எதிர்த் திசையில் வந்தது. எல்லோரும் 'நீ' ஆவதற்குப் பதில் எல்லோரும் 'நீங்கள்' ஆனார்கள். நாய்கூட 'யூ'தான்.

மரியாதை விகுதி இல்லாமல் போனால் மரியாதையை எங்கே வைப்பது? இந்த இடத்தில்தான் ஆங்கிலக்காரன் சாமர்த்தியம் செய்தான் என்று நினைக்கிறேன். வினைச்சொல்லுக்கு வெளியே வைத்தான். முதலில் 'ஐ ப்ரே யூ' என்று மன்றாடினான். பிறகு 'இஃப் யூ பிளீஸ்' வந்தது. உங்களுக்கு விருப்பமானால் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அது தேய்ந்து வெறும் 'பிளீஸ்' ஆயிற்று. அதுவும் தேய்ந்துபோனதும் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தான். குட் யூ, உட் யூ, உட் யூ மைண்ட். 'உப்பை எடு' என்று சொல்ல, 'உங்களால் உப்பை எடுத்துத் தர முடியுமா' என்று கேட்கிறான். முடியும் என்று பதில் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் கோபித்துக்கொள்வான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மொட்டையான ஏவல் வினை ஆபத்தில்லாத இடத்தில்தான் அதிகம் வரும். சமையல் குறிப்பில் வெங்காயத்தை நறுக்கு, மருந்துப் புட்டியில் நன்றாகக் குலுக்கு, ரயில் பெட்டியில் சங்கிலியை இழு. விருந்தாளியிடம் 'உட்காருங்கள், இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதும் ஏவல்தான். யாரும் வருத்தப்படுவதில்லை. ஆனால் உத்தரவு பெரிதாக ஆக, பதவி உயர உயர, ஏவல் வினை மறைந்துபோகும். விருப்பம், யோசனை, அனுமதி என்று வேஷம் போட்டுக்கொண்டு வரும். எங்கள் தலைமையாசிரியர் 'யூ மே கோ' என்றால் போக அனுமதி கிடைத்துவிட்டது என்று யாரும் மகிழ்ந்ததில்லை. வெளியே போ என்று பொருள். வேஷம் போட்டவனுக்கும் பார்ப்பவனுக்கும் அது வேஷம் என்று தெரிந்திருக்கும்வரை தொந்தரவில்லை.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாலக்லாவா இருக்கிறது. டென்னிசனின் அந்தக் குதிரைப்படைக் கவிதையைப் பள்ளியில் ஒப்பிக்காதவர்கள் நம் தலைமுறையில் குறைவு. எனக்கு அப்போது குதிரைகள்தான் தெரிந்தன. அதற்குக் காரணம் ஒரு துண்டுக் காகிதம் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

1854 அக்டோபர் 25, கிரிமியா. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், துருக்கியர் ஒரு பக்கம், ரஷ்யர் மறுபக்கம். ஆங்கிலப் படைத்தலைவர் ராக்லன் பிரபு ஒரு குன்றின் மேல் இருந்தார். கீழே இரண்டு பள்ளத்தாக்குகள், நடுவே ஒரு மேட்டு முகடு. காலையில் ரஷ்யர்கள் அந்த முகட்டில் இருந்த மண்கோட்டைகளைத் துருக்கியரிடமிருந்து பிடித்துவிட்டார்கள். அங்கே இருந்த ஆங்கிலப் பீரங்கிகளை அவர்கள் இழுத்துக்கொண்டு போகத் தயாராவது மேலேயிருந்து தெரிந்தது. கீழே குதிரைப்படையோடு இருந்த லூக்கன் பிரபுவுக்கு அது தெரியவில்லை. மேடு மறைத்தது. அவர் கண்ணுக்கு எட்டிய பீரங்கிகள் வேறு. வடக்குப் பள்ளத்தாக்கின் கோடியில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வாயை இவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்த ரஷ்யப் பீரங்கிகள்.

ராக்லன் மிகவும் மென்மையான மனிதர். வாட்டர்லூவில் ஒரு கையை இழந்தவர். அதட்டிப் பேசிப் பழக்கமில்லாதவர். அன்று காலை அவர் அனுப்பிய முந்தைய உத்தரவு ஒன்றே குழப்பமாக இருந்தது. வாய்ப்புக் கிடைத்தால் மேட்டை மீட்க முன்னேறவும், காலாட்படை துணைக்கு வரும் என்கிற மாதிரி. லூக்கன் காலாட்படை வரட்டும் என்று காத்திருந்தார். உடனே போ, பின்னால் அவர்கள் வருவார்கள் என்று ராக்லன் நினைத்திருந்தார். முக்கால் மணி நேரம் வீணாயிற்று. பொறுமை இழந்து அடுத்த உத்தரவைச் சொல்ல, ஜெனரல் ஏரி என்பவர் பென்சிலால் எழுதினார். அதன் வாசகம் இப்படிப் போகிறது: குதிரைப்படை விரைவாக முன்னே சென்று, எதிரியைத் தொடர்ந்து, பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க முயல வேண்டும் என்று ராக்லன் பிரபு விரும்புகிறார். குதிரைப் பீரங்கிப் பிரிவு உடன் செல்லலாம். கடைசியில் ஒரே சொல்: உடனடி.

அதைக் கோப்பு எழுதியே வயதான கண்ணால் படித்துப் பார்க்கிறேன். 'விரும்புகிறார்' என்பது உத்தரவா, ஆசையா? 'முயல வேண்டும்' என்றால் எவ்வளவு தூரம் முயல்வது? 'செல்லலாம்' என்பதற்கு நம் 'மே'தான் போட்டிருக்கிறார்கள். எந்தப் பீரங்கிகள், எந்தப் பக்கம் என்பது மட்டும் இல்லை. மேலே நின்றவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். அவர் கண்ணெதிரே தெரிந்ததே!

காகிதத்தைக் கொண்டுபோனவர் கேப்டன் நோலன். குதிரையேற்றத்தில் சூரர், முன்கோபி, லூக்கனை மதிக்காதவர். எதைத் தாக்குவது, எந்தப் பீரங்கி என்று லூக்கன் கேட்டார். நோலன் கையைப் பள்ளத்தாக்கின் பக்கம் பொதுவாக வீசி, அதோ உங்கள் எதிரி, அதோ உங்கள் பீரங்கிகள் என்றார். அவ்வளவுதான். இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஒரு கேப்டனிடம் இரண்டாவது தடவை கேட்கப் பிரபுவுக்கு மனம் வரவில்லை. லூக்கன் அடுத்து கார்டிகன் பிரபுவிடம் போனார். கார்டிகன் லூக்கனின் மைத்துனர். இருவருக்கும் வருடக்கணக்காக ஆகாது. முன்னால் பீரங்கி, இரு பக்கமும் பீரங்கி என்று கார்டிகன் சுட்டிக்காட்டினார். தெரியும், ஆனால் ராக்லன் பிரபு வேண்டும் என்கிறாரே என்று லூக்கன் பதில் சொன்னதாகக் குறிப்புகள் இருக்கின்றன.

ஏறத்தாழ 670 பேர் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். முதலில் விழுந்தவர்களில் ஒருவர் நோலன். வரிசைக்கு முன்னால் பாய்ந்து எதையோ கத்தியபடி வந்தபோது குண்டுச் சிதறல் மார்பில் பட்டது. திசை தவறு என்று சொல்ல வந்தாரா என்பது அவரோடு போயிற்று. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. சுமார் 110 பேர் இறந்தார்கள். முந்நூற்றைம்பதுக்கும் மேல் குதிரைகள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பழக்கமான பகுதி. யார் பொறுப்பு? உத்தரவை லூக்கன் தவறாகப் புரிந்துகொண்டு, எந்த விலை கொடுத்தும் தாக்கியாக வேண்டும் என்று கருதிவிட்டார் என ராக்லன் லண்டனுக்கு எழுதினார். அதாவது நான் சொன்னது விருப்பம், அதை அவர் கட்டளையாக எடுத்துக்கொண்டார் என்கிறார். லூக்கன் 1855-ல் பிரபுக்கள் சபையில் எழுந்து, படைத்தலைவரின் எழுத்து மூலமான உத்தரவு என்றால் எனக்கு வேறு வழி ஏது என்று வாதாடினார். இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கும்படி கேட்டார், மறுத்துவிட்டார்கள். அந்த வருடம் ஜூனில் ராக்லன் போர்முனையிலேயே நோயில் இறந்தார். அந்தப் பென்சில் துண்டுக் காகிதம் மட்டும் லண்டனில் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது. மேலேயிருந்து வந்த குறிப்பு மென்மையாக இருக்கும். தப்பு நடந்தால் கீழே இருப்பவன் படிக்கத் தெரியாதவன். இதை நான் லண்டன் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

ஒன்பது வருடம் கழித்து, அமெரிக்காவில் இதற்கு நேர்மாறானது நடந்தது. உள்நாட்டுப் போர், கெட்டிஸ்பர்க், 1863 ஜூலை 1. தென்னவர் படைத்தலைவர் ராபர்ட் லீயும் ராக்லனைப் போலவே பண்பாளர். கல்லறைக் குன்றை இயலுமானால் பிடிக்கவும், ஆனால் முழுப் போரில் இறங்க வேண்டாம் என்று யூவல் என்ற தளபதிக்குச் சொல்லி அனுப்பினார். அந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஸ்டோன்வால் ஜாக்சன். இரண்டு மாதத்துக்கு முன்புதான் இறந்திருந்தார். லீயின் 'இயலுமானால்' என்பதற்கு 'பிடி' என்று அர்த்தம் என ஜாக்சனுக்குத் தெரிந்திருக்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். யூவல் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆட்கள் களைத்திருந்தார்கள், பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, இயலாது என்று முடிவு செய்தார். இரவோடிரவாக வடவர் குன்றைப் பலப்படுத்திக்கொண்டார்கள். அடுத்த இரண்டு நாளில் லீ தோற்றார். அன்று தாக்கியிருந்தாலும் பிடித்திருக்க முடியாது என்பவர்களும் உண்டு. எனக்கு யூவல் மேல்தான் பரிதாபம். புது ஆள். மேலதிகாரியின் அகராதி அவர் கைக்கு வரவில்லை.

இதுவரை சொன்னது மேலிருந்து கீழே வருவது. கீழிருந்து மேலே போக வேண்டிய உத்தரவு என்று ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. 'நிறுத்து' என்பது அதில் முக்கியமானது. ஆனால் அதற்கு வினைச்சொல்லே கிடைப்பதில்லை.

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. கேனரித் தீவுகளில் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்களையெல்லாம் பக்கத்துத் தீவான டெனரீஃபின் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டது. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ 747. டச்சு நிறுவனமான கேஎல்எம் விமானம் ஒரு கோடியில் புறப்படத் தயாராக நிற்கிறது. பான் ஆம் விமானம் அதே பாதையில் எதிரே ஊர்ந்து வருகிறது. ஒருவருக்கொருவர் தெரியவில்லை, கோபுரத்துக்கும் தெரியவில்லை.

கேஎல்எம் கேப்டன் அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். விளம்பரத்தில் படம் வந்த பெரிய ஆள். முதலில் அவர் எஞ்சினை முடுக்கியபோதே துணை விமானி, இன்னும் அனுமதி வரவில்லையே என்றார். தெரியும், கேள் என்றார் கேப்டன். கேட்டதற்கு, மேலே ஏறிய பிறகு போக வேண்டிய வழியைக் கோபுரம் சொல்லிற்று. அதில் 'டேக் ஆஃப்' என்ற சொல்லும் வந்தது. கிளம்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேப்டன் நகர்த்திவிட்டார். துணை விமானி கோபுரத்திடம், இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கிளம்பும் இடத்தில் நிற்கிறோம் என்று ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். 'ஓகே' என்றார். ஒரு வினாடி, இரண்டு வினாடி இடைவெளி. பிறகு, கிளம்பக் காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றார். அந்த நேரத்தில் பான் ஆம் விமானியும் நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம் என்று பேச, இரண்டும் மோதிக் கீச்சென்ற சத்தம்தான் கேஎல்எம்முக்குக் கேட்டது. 'ஓகே' மட்டும் சுத்தமாகக் கேட்டது.

பின் இருக்கையில் இருந்த ஃபிளைட் இன்ஜினியருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. விமானம் வேகமெடுத்துக்கொண்டிருக்கிறது. அவர் 'நிறுத்துங்கள்' என்று சொல்லவில்லை. அந்தப் பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று டச்சு மொழியில் கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அத்தோடு அவர் பேசாமல் இருந்துவிட்டார். சில வினாடிகளில் 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் அதுதான் இன்றுவரை மிகப் பெரியது.

அதற்குப் பிறகு உலகம் முழுக்க விதியை மாற்றினார்கள். 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே உச்சரிக்கலாம். மற்ற சமயத்தில் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்ல வேண்டும். கிடைத்த உத்தரவுக்கு 'ஓகே' என்று தலையாட்டக் கூடாது, திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். இதைவிடக் கடினமான இன்னொன்றையும் ஆரம்பித்தார்கள். கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் தெளிவாக வாய் திறக்கப் பயிற்சி. அதற்குத் தனி வகுப்பு வைக்க வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இப்போது என் கோப்புக்கு வருகிறேன். ஓர் அலுவலகத்தின் இரவுக் காவலர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் போக வேண்டும். பணிப்பதிவேட்டில் மனைவி பெயர் ஒருவிதமாகவும், மனுவில் வேறுவிதமாகவும் இருந்தது. கிராமத்தில் சகஜம்தான். வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, எழுத்தில் ஒன்று. அதிகாரி எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் 'டிராஃப்ட் மே பி புட் அப்' என்று எழுதியிருக்கிறார். எனக்கு வயது இருபத்து மூன்று. 'மே' என்றால் அனுமதி அல்லது சாத்தியம் என்று ரென் அண்ட் மார்ட்டின் சொல்லிக்கொடுத்திருந்தது. வரைவு வைக்கலாம். அப்படியானால் வைக்காமலும் இருக்கலாம். எதற்கும் பெயர் விஷயம் சரியாகட்டும், வட்டாட்சியரிடமிருந்து வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்று அடிக்கட்டில் வைத்துவிட்டேன். என் கணக்கில் நான் ஜாக்கிரதையாக வேலை செய்துகொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் திங்கட்கிழமை தோறும் வருவார். பஸ் விட்டு இறங்கி வெயிலில் நடந்து வந்து, வராண்டாத் தூணோரம் உட்கார்ந்திருப்பார். நான் டீ குடிக்க வெளியே போகும்போது எழுந்து நிற்பார். "ஐயா, ஏதாச்சும் வந்திருக்குங்களா?" என்று கேட்பார். "இன்னும் வரலைம்மா" என்பேன். "சரிங்கய்யா." அவ்வளவுதான். ஒரு நாள்கூட 'என் காகிதத்தை எடுத்துப் பார்' என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்? ஒரு தடவை, "பெரிய பையனை இந்த வருசம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலைங்க" என்றார். எனக்கு அது ஒரு செய்தியாகத்தான் காதில் விழுந்தது. டெனரீஃப் பற்றிப் படித்தபோது அந்த இன்ஜினியரின் கேள்விக்குப் பக்கத்தில் இந்த வாக்கியம் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டும் ஒரே இலக்கணம்.

ஐந்தாவது மாதம் கண்காணிப்பாளர் என் தன்பதிவேட்டைச் சோதித்தார். பழைய காலத்து மனிதர், மூக்குப்பொடி போடுபவர். அந்தப் பதிவில் விரல் நின்றது. கோப்பை எடுத்து வரச் சொன்னார். ஓரக் குறிப்பைப் பார்த்தார்.

"ஆர்டர் ஆயி அஞ்சு மாசம் ஆச்சே தம்பி. ஏன் வைக்கல?"

"மேன்னுதான் சார் போட்டிருக்காரு" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன மே இது. லாம்னு அர்த்தமில்லே. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ளேன்னு அர்த்தம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் நினைவிருக்குமா என்பது சந்தேகம். அன்று மாலையே வரைவு போயிற்று. சான்றிதழ் தேவையே இருக்கவில்லை. கிடைத்த ஆவணங்களே போதும் என்று அதிகாரி முந்தைய பக்கத்தில் எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. பத்து நாளில் உத்தரவு ஆகி, நிலுவையோடு பணம் வந்தது. பையனைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்துவிட்டான்.

பின்னால் நான் கண்காணிப்பாளர் ஆனபோது கோப்பு ஓரத்தில் 'மே' எழுதியதில்லை. தமிழில்தான் எழுதுவேன். 'புதன் மாலைக்குள் வரைவு வைக்கவும்.' யார் வைக்க வேண்டும் என்று பெயரையும் எழுதிவிடுவேன். சில இளைஞர்களுக்கு அது அதட்டலாகத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் 'தேதி சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலதிகாரிகளுக்கு நான் எழுதிய குறிப்புகளில் மட்டும் கடைசிவரை 'அருள்கூர்ந்து பரிசீலிக்கப்படலாம்' என்றுதான் போட்டேன். அதை மாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

உத்தரவு நகலை வாங்கிக்கொள்ள அந்த அம்மாள் கடைசியாக ஒரு திங்கட்கிழமை வந்தார். கையெழுத்துப் பதிவேட்டில் பெருவிரல் ரேகை வைத்தார். மை துடைக்கப் பழைய காகிதம் ஒன்றைக் கொடுத்தேன். தாமதம் என்னால் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, இத்தனை நாள் 'ஐயா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்னை நிமிர்ந்து பார்த்து, "நல்லா இரு ராசா" என்றார்.